சுண்ணாம்புக் குடை

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்று இருந்தவர்கள்: துரை. கணக்கெழுதும் கிராணி. பெரிய கங்காணி. மாரியாயி. ரப்பர்ப் பால் வெட்டும் சனம். என் மாடுகள் இரண்டு. நான். எல்லாருக்கும் நடுவில், மடக்கிய குடையோடு, நாங்கள் ‘இரைச்சல்’ என்று பட்டப்பெயர் வைத்த மனிதர்.

மூவார் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவரைப் போல் ஒரு பிடிவாதக்காரர் கிடையாது. அந்தப் பக்கமும் விசாரித்துவிட்டேன். கிடையாது.

தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ஓட்டுகிற வேலை அவருக்கு. துரை பங்களா ரேடியோவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பேட்டரி ரேடியோ. முப்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கே அது ஒன்றுதான். பாடியதைவிட இரைந்தது அதிகம்.

“இந்தச் சத்தம் எங்கே இருந்து வருது பாரு. நிறுத்து,” என்றார் துரை.

இவர் எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. டைனமோவை நிறுத்தினார். துரையின் மின்விசிறி நின்றது, துரைக்கு வேர்த்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“மேலே வானத்துலேருந்து வருது தொரை. எந்த இடம்னு கண்டுபிடிக்கலாம். நிறுத்த முடியாது.”

இங்கேதான் நான் மாட்டினேன். நான் வண்டிக்காரன். என் மாட்டு வண்டியில் இரண்டு மூங்கிலை நட்டு, குறுக்கே செம்புக் கம்பி கட்டினார். துரை கழித்துப் போட்ட பழைய ரேடியோ செட் ஒன்றைச் சரிபண்ணி ஏற்றினார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஓட்டுப்பா.”

“எங்க போவணும்?”

“எங்கயும் போவ வேணாம். இங்கயே சுத்து.”

காலைப் பெரட்டுக்கு முன்னாலும், மதியம் வேலை முடிந்ததும் களத்தைச் சுற்றுவோம். கம்பி திரும்பத் திரும்ப இரைச்சல் ஏறும், இறங்கும். ஏறுகிற இடத்தில் கை தூக்குவார். நான் நிறுத்துவேன். கொஞ்ச நாளில் அவர் கையைப் பார்த்து மாடுகளே நின்றன. கடைக்கு அரிசி ஏற்றப் போனால் நேர் ரோட்டிலும் வட்டம் போடப் பார்த்தன.

“நட்சத்திரத்தைப் போய்ப் பகல்ல பார்க்கிறீங்களே!” என்றார் கிராணி.

“யாரு பார்த்தா? நான் கேக்குறேன்.”

காகிதமெல்லாம் கிடையாது. கறுப்புக் குடையை விரித்து, உள்பக்கத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் புள்ளி வைப்பார். அதுதான் அவருக்கு வானம். பலத்த இரைச்சலுக்குப் பெரிய புள்ளி. மெலிந்ததற்குச் சின்னது. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்து ஆள் பெயர். எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிற தெற்குப் புள்ளி, பெரிய கங்காணி. பக்கத்தில் ஓயாமல் முணுமுணுத்தது, மாரியாயி.

மாரியாயி லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே மறித்துக்கொண்டாள். “யோவ், எம்பேரை எடுய்யா. நான் என்ன நாள் முச்சூடும் பேசிக்கிட்டா இருக்கேன்?”

“இல்லம்மா. நீ தூங்குவே. அது தூங்கல.”

ஒருநாள் ஒரு புள்ளியை எச்சில் தொட்டுத் தானே அழித்தார். “இது வானம் இல்ல. சீன மொதலாளி தவுக்கேயோட மர மில்லு போடுற இரைச்சல்.” தப்பைச் சொல்வதிலும் அதே முரட்டுக் குரல்.

மழை வந்தால் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நனைவார். சுண்ணாம்பு கரைந்துவிடுமாம். ஜொகூர் மழை. மனிதர் வருடம் முழுக்கத் தும்மினார்.

“சூரியன் போடுற சத்தமா இருக்கும்,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“சூரியன் நேரம் தவறாது. குடையில இருக்கிற பெரிய கங்காணி மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் முந்தி வர்றாரு. மொதல்ல உச்சி வேளை. இப்ப காலைப் பெரட்டு நேரம்.”

அது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. மாடு ஓட்டியது மட்டும் நான்.

கிளப்பில் மற்றத் துரைமார் சிரித்துவிட்டார்கள். ‘உன் மாடு வானத்தை உழுகிறதாமே’ என்றார்களாம். மறுநாள் துரை எல்லாரையும் களத்தில் கூட்டினார்.

“செட் ரிப்பேர். மேலே ஒண்ணும் இல்லே. அப்படீன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. குடையைக் குடு. வேலை இருக்கும். இல்லாட்டி இப்பவே வெளியே போ.”

வேலை போனால் லயத்து வீடும் போகும். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். எந்தத் தோட்டத்திலும் ஆள் எடுக்கவில்லை.

கிராணி அவர் காதருகே போனார். “அண்ணே, ஒரு வார்த்தைதானே லா. சொல்லித் தொலைங்க.”

மழை பிடித்தது. குடை சட்டைக்குள் போனது.

“செட்டு நல்லாத்தான் இருக்கு தொரை. மேலேருந்துதான் வருது.”

“யார் சொன்னா?”

“அதுவே சொல்லுது. கேக்குறீங்களா?” வண்டியிலிருந்து காதுக் கருவியை எடுத்து நீட்டினார். துரை வாங்கவில்லை. தோட்டத்து வெளிக் கேட்டைக் காட்டினார்.

இவர் நடந்தார். மழை வலுத்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. குடையின் ஓரம் ஈரமாகி, வெள்ளையாக ஒரு கோடு வயிற்றில் இறங்கியது.

முதலில் ஓடியது மாரியாயி. என் வண்டியில் கிடந்த தார்ப்பாயை இழுத்தாள். “என்னா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? எம்பேரு கரையுது!”

நான் ஒரு முனை பிடித்தேன். பெரிய கங்காணி துரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். அப்புறம் சனம் வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ‘இரைச்சலு’க்கு மேலே தார்ப்பாய் கூரையாக நகர்ந்தது.

“கிராணி!” துரை கத்தினார். “பிடிக்கிறவன் எத்தனை பேர்? எண்ணு!”

கிராணி எண்ணினார். சத்தமாகவே எண்ணினார். குரல் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்தது.

“என்னையும் சேர்த்து, பதினேழு.”