குடிக்காத ஆறு கிண்ணம் காபி

என் வாப்பா இருபத்து மூன்று வருஷமாக எங்களை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. அப்படிப்பட்டவர் நோன்புப் பெருநாள் மதியம், ஆட்டு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே அறிவித்தார்: "நாளைக்கு விடிஞ்சதும் ஜெராஷ் போறோம். இந்த நாட்டுல பொறந்துட்டு ரோமாபுரிக்காரன் கட்டின ஊரைப் பாக்காம சாகலாமா?"

எங்கள் இர்பித்திலிருந்து ஜெராஷ் முக்கால் மணி நேரம். அந்தத் தூண்கள் இரண்டாயிரம் வருஷமாக அங்கேயேதான் நிற்கின்றன. ஒரு நாளும் வாப்பாவுக்கு அவற்றின் மேல் பாசம் பொங்கியதில்லை. இப்போது பொங்கியதற்குக் காரணம் நான்.

நாட்டின் மறுகோடியில், அக்கபாவில், எனக்குக் கடல் உயிரியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பெருநாள் விடுமுறைக்குள் பதில் அனுப்ப வேண்டும். வாப்பா முடியாது என்றார். காரணம் கேட்டேன்.

"கடல்ல படிக்க என்ன இருக்கு? உப்பு. அது நம்ம அடுப்படியிலயே இருக்கு."

பல்கலைக்கழக விவாத மேடையில் மூன்று வருஷம் தோற்காதவள் நான். பதினோரு நாள் வாதாடினேன். அரசியல் சட்டத்தைக் காட்டினேன். புள்ளிவிவரங்களை அச்சடித்து அவர் சாப்பிடும் இடத்தில் வைத்தேன். அதன்மேல் வைத்து வெள்ளரிக்காய் நறுக்கினார்.

உம்மா என் வாதத்தை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. நாலைந்து இடத்துக்குப் போன் மட்டும் பண்ணினாள். வாப்பா மோப்பம் பிடித்துவிட்டார். பெருநாள் மறுநாள் ஜாஹா வரப்போகிறது.

ஜாஹா என்றால் பெரிய மனுஷர்கள் கூட்டமாக வந்து கேட்பது. பெண் கேட்க வருவார்கள்; வெட்டுக்குத்துக்குச் சமாதானம் பேச வருவார்கள். வீட்டுக்காரர் காபி ஊற்றிக் கொடுப்பார். வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். காபி ஆறிப்போனால் வீட்டுக்காரர் மானம் போச்சு. ஒரு பெண் படிக்கலாமா என்பதை ஆறு மீசைகள் காபி குடிக்காமல் உட்கார்ந்து முடிவு செய்வது எந்த ஊர் நியாயம் என்று உம்மாவோடு சண்டை போட்டேன்.

"நீ பதினோரு நாளா நியாயம்தான் பேசினே. என்ன கிடைச்சுது?" என்றாள்.

வாப்பாவின் திட்டம் எளிமையானது. வீட்டில் ஆளே இல்லை என்றால் யார் ஊற்றிய காபியைக் குடிக்காமல் வைப்பார்கள்? காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடுவது. உம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஃபிளாஸ்க் நிறையக் காபி போட்டாள். மூன்று பேருக்கு ஒன்பது கிண்ணம் எதற்கு என்று வாப்பா கேட்கவில்லை. தப்பித்த சந்தோஷத்தில் மனுஷனுக்கு எண்ணிக்கை மறந்துபோயிற்று.

ஜெராஷில் அவர் ராஜா மாதிரி நடந்தார். இது சந்தை, அது குளிக்கிற இடம் என்று தனக்குத் தெரியாததையெல்லாம் எனக்கு விளக்கினார். வெயில் ஏறியதும் உம்மா முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, பழைய நாடக அரங்கின் நிழல் பக்கமாக அழைத்துப் போனாள். அங்கே கல் படியில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, பளபளக்கும் காலணி. இடிந்த ஊரைப் பார்க்க இப்படி உடுத்திக்கொண்டு வருகிறவன் உலகத்தில் கிடையாது. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அபூ ஷாஹிர்.

வாப்பாவின் முகம் வெளுத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "வாங்க வாங்க, பெருநாள் வாழ்த்து. ஒரு வாய் காபி குடிங்க." எங்கள் ஊர் ஆண்களுக்கு இந்த வாக்கியம் தும்மல் மாதிரி. அடக்க முடியாது.

உம்மா ஃபிளாஸ்க்கை நீட்டினாள். வாப்பா தன் கையாலேயே ஊற்றினார். ஆறு பேரும் வாங்கினார்கள். ஆறு கிண்ணமும் ரோமாபுரிக் கல்லின் மேல் டக்கென்று உட்கார்ந்தன. கீழே மேடையில் குழல் ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாட்டில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் புரியும்.

"அபூ லுஜைன், எங்களுக்கு ஒரு தேவை இருக்கு," என்றார் நீதிபதி. லுஜைனின் வாப்பா என்று அர்த்தம்; லுஜைன் நான்தான்.

"இது என் வீடு இல்லையே ஐயா," என்றார் வாப்பா. "ரோமாபுரிக்காரன் இடம்."

"காபி யாரோடது?"

வாப்பா ஃபிளாஸ்க்கை மெல்ல உம்மா பக்கம் தள்ளினார். பெருநாளுக்கு வந்திருந்த குடும்பங்கள் நெருங்கி வந்து படிகளில் உட்கார்ந்தன. ஒருவர் கொறிப்பதற்குச் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தேவிட்டார்.

நீதிபதி என் வாதத்தில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. பெண்ணை அக்கபாவுக்கு அனுப்பு என்றார், அவ்வளவுதான். பொறுக்கமாட்டாமல் நான் கல்வி உரிமையைப் பற்றி ஆரம்பித்தேன். "சும்மா இருடி, காபி ஆறுது," என்று உம்மா அடக்கினாள்.

ஆவி மெலிந்துகொண்டே வந்தது. வாப்பா கிண்ணங்களையே பார்த்தார். பிறகு கடைசியாக மூளையைக் கசக்கினார். "உங்க வார்த்தைக்கு மரியாதை. போகட்டும். ஆனா பொண்ணு தனியா இருக்கக் கூடாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவருக்குத் துணிக்கடை இருக்கிறது. உம்மாவுக்கு அவர் இருக்கிறார்.

நியாயமான பேச்சு என்றார் நீதிபதி. ஆறு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். இனி யாராலும் மாற்ற முடியாது. என் பதினோரு நாளும் மண்ணாகிவிட்டன.

"அப்போ நான் போறேன்," என்றாள் உம்மா, கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டே.

"எங்கே?" என்றார் வாப்பா.

"அக்கபாவுக்கு. ரெண்டு வருஷத்துக்கு வீடு பேசியாச்சு. ஜன்னலைத் திறந்தா கடல்."

"எனக்கு யாரு சமைப்பா?"

"இத்தனை பெரிய மனுஷங்க முன்னால நீங்க வெச்ச நிபந்தனைங்க. நான் மீறலாமா?"

வாப்பா அப்படியே கல்லில் சரிந்து உட்கார்ந்தார். இரண்டாயிரம் வருஷத்தில் அந்த ஊரில் எதுவும் இவ்வளவு முழுசாக இடிந்து விழுந்திருக்காது. எனக்கு அவர்மேல் பரிதாபப்பட நேரமில்லை. வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

"உம்மா, எனக்குத் தனி ரூம்தானே?"

"தனி ரூம்தான். என் ரூம் வழியாத்தான் உள்ளே போகணும்."