வேலை போனதற்கு வாழ்த்துகள்

ஆறுதல் சொல்கிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. வாய்ப்புக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக் கூரை பற்றி எரிந்தால், மூச்சிரைக்க ஓடிவந்து, "அடடா, இனிமே வானம் எவ்வளவு நல்லாத் தெரியும்!" என்று பூரிப்பவர் இவர்தான். கையில் வாளி இருக்காது. புன்னகை இருக்கும்.

கரோலினா மலையடிவாரத்தில் பார்லோ க்ரீக் என்ற ஊருக்கு வாய்த்தவர் திருவாளர் கர்ட்டிஸ் வால்ட்ராப். அங்கே நாற்காலித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வெளிநாட்டு நாற்காலி பாதி விலைக்கு வந்து இறங்கினால் வேறென்ன நடக்கும்? இப்படி இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் படிப்புச் செலவைக் கொடுக்கும். படிக்கிறவரை வாராவாரம் படியும் கொடுக்கும். அதை வாங்கித் தருவது வால்ட்ராப்பின் உத்தியோகம். அவரோ தோளைத் தட்டுவார், கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொல்வார், "பழைய நான்" என்று காகிதத்தில் எழுதிக் கிழித்துப் போடச் சொல்வார், கிழித்தவர்களுக்குக் கைதட்டுவார், கிழிக்காதவர்களுக்கு இன்னும் பலமாகத் தட்டுவார். படிப்பு? அது மெதுவாக வரும்.

அவர் அலுவலகத்து நாற்காலியை ஒருநாள் கவிழ்த்துப் பார்த்தாள் வெர்லீன். அதுவும் கப்பலேறி வந்ததுதான். மரியாதைக்காக மறுபடி அதிலேயே உட்கார்ந்தாள்.

வெர்லீன் தொழிற்சாலையில் மெத்தை உறை தைத்தவள். ஐம்பதைத் தாண்டியவள். பக்கத்து ஊர்ப் பல் மருத்துவர், "உதவியாளர் படிப்பை முடிச்சிட்டு வா, வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வால்ட்ராப் தம் கணினியில் ஒப்புதல் கொடுத்தால் போதும். தவறினால் படிப்பும் இல்லை, வாரப் படியும் இல்லை. வாராவாரம் கேட்டாள். வாராவாரம் மூச்சை இழுக்கச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் தம் அலுவலகத்திலேயே "புதுவாழ்வு விருந்து" வைத்தார். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து மூடிக்கொண்டு வரவேண்டும். பார்லோ க்ரீக்கில் சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள். எல்லோரும் அதே முகத்தோடுதான் வந்தார்கள். வெர்லீன் வாழைப்பழப் புட்டிங்கை மேசையில் வைத்துவிட்டு நேராக அவரிடம் போனாள்.

"மிஸ்டர் வால்ட்ராப், இன்னைக்குப் பன்னண்டு மணியோட முடியுதுங்க. அந்த ஒப்புதல்..."

"மிஸ் வெர்லீன்! அவசரப்படறதெல்லாம் தொழிற்சாலைப் பழக்கம். அதை விடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

"பல் டாக்டர்கிட்ட. நீங்க அந்தப் பொத்தானை அமுக்கினா."

"கேட்டீங்களா எல்லாரும்? என்ன தெளிவு!" என்று கைதட்டினார். "சாப்பிட்டதும் முதல் வேலை அதுதான்."

நாற்காலிக்கு ஸ்பிரிங் கட்டிய டுவைட் அவள் காதைக் கடித்தான். "அந்தாளு உக்காந்திருக்கிற நாற்காலியைப் பிடிச்சு உலுக்கு, வெர்லீன். அது நாம செஞ்ச நாற்காலி இல்ல, உடனே விழுந்துடுவான்."

"சும்மா இரு. ஜெபத்துக்குக் கையை நீட்டிட்டாரு."

அதோடு எல்லாம் முடிந்தது. அந்த ஊரில் கூரையே இடிந்தாலும் ஆமென் வரும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எல்லோரும் கைகோத்து நின்றார்கள். வால்ட்ராப்பின் வலக்கை வெர்லீனிடம் அகப்பட்டது. அவர் உணவுக்கு நன்றி சொன்னார். சமைத்த கைகளுக்குச் சொன்னார். மூடிய தொழிற்சாலைக்கு, அதனால் திறந்த மனங்களுக்கு, நாற்காலி ஏற்றி வந்த கப்பலுக்கு, கப்பலைச் சுமந்த கடலுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வெர்லீன் ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பொறுக்கமுடியாமல் அவர் கையை அழுத்தினாள். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று அவர் குரலை உயர்த்தினார். இன்னும் பலமாக நெரித்தாள். கண்ணீர் மல்க, மாநிலத்தின் மற்ற ஊர்களுக்காகவும் வேண்டத் தொடங்கினார்.

ஆமென் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வெர்லீன் அவரைக் கணினிமுன் இழுத்துப்போய் நிறுத்தினாள். கணினியில் அந்தப் பக்கத்தைத் தலைநகரத்திலேயே பன்னிரண்டுக்கு மூடிவிட்டிருந்தார்கள். அவர் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார். அந்தப் புன்னகை அப்படியே இருந்தது.

"மிஸ் வெர்லீன், யோசிச்சுப் பாத்தா இதுவும் ஒரு..."

"சொல்லாதீங்க," என்றாள் வெர்லீன். பிறந்ததிலிருந்து யார் பேச்சிலும் குறுக்கிடாதவள். "என் வேலையைக் கடல் தாண்டி ஒருத்தன் எடுத்தான். சரி, அவனுக்கும் வயிறு இருக்கு. மிச்சமிருந்ததையும் எடுத்தீங்களே, உங்களுக்கு என்னங்க பசி?"

வால்ட்ராப் நெகிழ்ந்துபோனார். "கோபம் வந்திருக்கு! குணமாகறதுக்கு அதுதான் முதல் படி!" என்று கைதட்டினார். இம்முறை யாரும் சேர்ந்து தட்டவில்லை. வெர்லீன் யாரும் தொடாத புட்டிங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் கைக்கு ஒரு காசும் வராது.

வால்ட்ராப்பைத் திட்டிவிட்டீர்களா? நல்லது. திட்டிய கையோடு, 'தைரியமான பெண்தான், எப்படியும் பிழைத்துக்கொள்வாள், இதைவிட நல்ல வேலையே கிடைக்கும்' என்று மனதுக்குள் ஒரு வார்த்தை ஓடியதே, கவனித்தீர்களா? ஓடியதா? வாருங்கள், வால்ட்ராப்புக்குப் பக்கத்தில் நின்று நீங்களும் கையைக் கோத்துக்கொள்ளுங்கள்.