கவிழ்த்துப் போட்ட மூன்று ராணிகள்

என் கல்யாணம் ஆவணியிலிருந்து பங்குனிக்குத் தள்ளிப்போனதற்கு ஜாதகம் காரணமில்லை. மூன்று ராணிகள்தான் காரணம். (பதறாதீர்கள், சீட்டுக்கட்டு ராணிகள்.)

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அங்கே நான் கரைத்துக் குடித்தது போக்கர் சீட்டாட்டம் ஒன்றைத்தான், அதுவும் விடுதியில். பெண் பேசி முடித்தும் நாள் குறிப்பது இழுத்துக்கொண்டே போக, நானே பஸ் ஏறி அரியூர் நாட்டில் செல்வி வீட்டுக்குப் போனேன். எனக்கும் செல்விக்கும் ஆவணியிலேயே முடிந்துவிட வேண்டும். அவள் அப்பாவுக்கோ மிளகு பறித்து முடியாமல் கல்யாணப் பேச்சே கூடாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமா சீட்டுக்கட்டை எடுத்தார்.

"ஏனுங்க மாப்ளே, காலேஜு ஆட்டம் ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. நீங்க செயிச்சா ஆவணி. நாஞ் செயிச்சா பங்குனி."

விடுவேனா? கையில் மறைவாக ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, பந்தயத்துக்குப் பலாக்கொட்டை என்று பாடம் நடத்தினேன். முடிவில் சீட்டைக் காட்டும் கட்டத்துக்கு வந்ததும் என் குரலே நீதிபதி குரலாகிவிட்டது.

"கடைசியாப் பந்தயத்த ஏத்துனவருதான் முதல்ல காட்டோணுங்க. வாயில சொல்றது செல்லாது, சீட்டுல இருக்கறதுதான் கணக்கு. காட்டாம கவுத்துப் போட்டா அது செத்த சீட்டு."

"செத்தா செத்ததுதானுங்களா?"

"கடவுளே வந்தாலும் எழுப்ப முடியாதுங்க மாமா."

செல்வி சீட்டுப் போட்டாள். என் கையில் இரண்டு ராணி. நடுவில் ஒரு ராஜா, ஒரு ராணி, மற்றதெல்லாம் உதிரி. மூன்று ராணி! ஆவணி முகூர்த்தத்து நாதஸ்வரம் காதில் கேட்டது. இருந்த கொட்டை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

"நானும் வாரேன்" என்று மாமாவும் தள்ளினார்.

கடைசியாக ஏற்றியவன் நான். நான்தான் முதலில் காட்ட வேண்டும். ஆனால் வருங்கால மாமனாருக்கு முன்னால் முந்திக்கொண்டு காட்டக் கை வரவில்லை.

"நீங்க காட்டுங்க மாமா."

"சட்டப்படி நீங்கதானுங்களே?"

"பெரியவங்க இருக்கையில நான் எப்படிங்க…"

"செரி" என்று அவர் சீட்டைத் தரையில் அறைந்தார். "மூணு ராஜா!"

எட்டிப் பார்த்தால் மாமாவைச் சந்தேகப்பட்டது போலாகிவிடாதா? "தோத்துட்டேனுங்க" என்று பெருந்தன்மையாகச் சிரித்தபடி என் சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன்.

செல்வி குனிந்து பார்த்தாள். "இதுல ஒண்ணு ராஜா இல்லீங்கப்பா, ஜாக்கி!"

"அடடே, கண்ணாடி இல்லாம தெரியில சாமி." (கண்ணாடி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.)

பாய்ந்து என் சீட்டை எடுக்கப் போனேன். அதன்மேல் மாமாவின் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது.

"மாப்ளே, செத்தது செத்ததுதானுங்களே?"

செல்வி அந்தக் கையை விலக்கி இரண்டையும் திருப்பினாள். "கையில ரெண்டு ராணி, நடுவுல ஒண்ணு! இதப் போயி யாராச்சும் கவுப்பாங்களா?"

"மரியாதைக்காக…"

"அந்த மரியாதையோட வந்து மொளகு பறிங்க!"

பறித்தேன். தை முழுவதும் ஏணி மேல் நான், கீழே மாமா. "கொத்தக் கூடையில போடுங்க மாப்ளே, கூடையக் கவுத்தராதீங்க!" பங்குனியில் தாலி கட்டும்போதும் தட்டை நீட்டி, "கவுத்தராதீங்க மாப்ளே!" என்றுதான் சொன்னார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், துணியில் சுற்றிய குழந்தையுடன் மாமா வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"ராணிதானுங்க மாப்ளே!"

கைகளை நீட்டினேன். உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது.

"பாத்துக் குடுங்கப்பா! அவரு மரியாதைக்காகக் கவுத்துப் புடிச்சுருவாரு!"