நாற்காலிமேல போட்ட பழி

உக்காந்தா தூங்கிருவேங்கிற விசயம் முப்பது வயசு வரைக்கும் எனக்கே தெரியாது. தெரிய வாய்ப்பில்ல. ராஜபாளையத்துல நான் வேலை பாத்த மெட்ரிக் பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு வகுப்புல நாற்காலி கிடையாது. எட்டு பீரியடும் நின்னுக்கிட்டேதான். (கரஸ்பாண்டண்டுக்கு மட்டும் சுத்துற நாற்காலி. எங்களுக்கும் சேத்து அவரே சுத்திக்கிடுவாரு.)

அப்ப தபால்ல எம்.எட். படிச்சேன். ஆராய்ச்சித் தலைப்பு, 'அரசு, தனியார் பள்ளி ஆசிரியர்களின் பணித் திருப்தி'. ஆராயாமலே முடிவு தெரியும். நாற்காலி இருக்கிற அரசு வாத்தியாருக்குத் திருப்தி, எங்களுக்கு முழங்கால் வலி. ஆனாலும் படிவம் நிரப்பி வாங்கணும்லா?

ஒரு நாள் லீவு போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போனேன். என்கூடப் படிச்ச செல்வராஜ்தான் அங்க வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கே அவன் ஒருத்தன்தான். ஒன்றியம் பூரா படிவம் வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தான்.

"ஏலே, நல்ல நேரத்துல வந்த. சத்துணவு ஆயாவ இன்னும் காணும். பிள்ளைக பசிச்சுக் கெடக்கும், போய் கூட்டியாந்துருதேன். செத்த நேரம் உக்காரு. புது ஏ.இ.ஓ. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாச் சோதனை போட்டுச் சுத்திக்கிட்டு இருக்காரு. ஆளில்லாத வகுப்பப் பாத்தார்னா எனக்கு மெமோதான்."

"நீ போ, நான் இருக்கேம்லா."

உக்காந்தேன். கைப்பிடி வச்ச மர நாற்காலி. சன்னலுக்கு வெளிய மலை. மேகம் அதுமேல சாஞ்சு கெடந்துச்சு. பிள்ளைக ஏழாம் வாய்ப்பாட்ட இழுத்து இழுத்துப் படிச்சது தாலாட்டு மாதிரியே இருந்துச்சு. ஏழேழு நாப்பத்தொம்போது வரைக்கும் ஞாபகம் இருக்கு. பொறவு நான் அரசாங்க வாத்தியார். நாற்காலி மெல்லக் கிளம்பி, தென்னந்தோப்புக்கு மேல மிதந்து மலையப் பாத்துப் போகுது. கீழ எங்க கரஸ்பாண்டண்ட் நின்னுக்கிட்டே டாட்டா காட்டுறாரு.

"செல்வராஜ் சார்!"

கண்ணத் தொறந்தா எதுக்க வெள்ளச் சட்டை, கக்கத்துல ஃபைல். ஏ.இ.ஓ.!

"நீங்கதான செல்வராஜ்?"

இல்லைன்னா ஆளில்லாத வகுப்பு. ஆமான்னா தூங்குற வாத்தியார். ரெண்டுக்குமே அவனுக்குத்தான் மெமோ. கனவு பாதி கண்ணுல மிச்சம் இருந்ததால, "ஆமா சார்"னேன்.

"சார், இது எங்க சார் இல்ல சார்!" வகுப்பே எந்திரிச்சு நின்னு சொல்லிருச்சு. (உண்மை பேசப் பழக்கி வச்சிருந்தான், பாவி.)

அந்நேரம் பாத்து ஆயாவ கேரியர்ல வச்சு வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்குனான் செல்வராஜ். ஏ.இ.ஓ. ஆயாவப் பாத்தாரு. தட்ட எடுத்துக்கிட்டு ஓடுன பிள்ளைகளப் பாத்தாரு.

"பிள்ளைக சோத்துக்காகப் போயிருக்கீரு, உமக்கு மெமோ குடுக்க மனசு வரல." என்னைய ஏற இறங்கப் பாத்தாரு. "வந்த விருந்தாளியவே தூங்க வைக்குதுன்னா, குத்தம் இந்த நாற்காலிமேலதான்."

மறுவாரமே சுற்றறிக்கை. ஒன்றியத்துல எந்த வகுப்புலயும் நாற்காலி இருக்கக் கூடாது.

அதுக்குப் பொறவுதான் செல்வராஜ் என் படிவத்தையெல்லாம் குடுத்து வாங்குனான். நின்னுக்கிட்டே நிரப்பியிருக்காக. ஒருத்தர் பாக்கியில்லாம 'திருப்தி இல்லை'. எங்க பள்ளிக்கூடத்துலயோ, கரஸ்பாண்டண்ட் தன் ரூமுல எல்லாரையும் உக்கார வச்சு நிரப்பச் சொன்னாரு. உக்காந்த சொகத்துல அம்புட்டு பேரும் 'முழுத் திருப்தி'. ஆக, தனியார் பள்ளியிலதான் திருப்தி அதிகம்னு என் ஆராய்ச்சி முடிஞ்சுது. கைடு, "யாருமே எதிர்பாக்காத முடிவுய்யா!"ன்னு கையக் குலுக்குனாரு. பட்டமும் குடுத்துட்டாக.

செல்வராஜ் சம்சாரமும் அதே ஒன்றியத்துல டீச்சர். ரிட்டயர் ஆகுற வரைக்கும் நின்னவுக. இப்பவும் அவுக வீட்டுக்குப் போனா, வந்த எல்லாருக்கும் சேர் போட்டுட்டு, என் கையில மட்டும் காபியக் குடுத்துச் சொல்லுவாக:

"அண்ணே, நீங்க நின்னே குடிங்க. நீங்க உக்காந்தா ஊரு தாங்காது."

நானும் செவுத்துல சாஞ்சு நின்னுதான் குடிக்கேன். பாதி காபியில கண்ணு சொக்குது.