வரவேற்பறைச் சுவரில் லூவீனியா

ஐம்பதாவது திருமண நாளன்று என் மனைவியைச் சுவரில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். லூவீனியா நன்றாகவே இருக்கிறாள். எனக்கு முன்னால் போகும் உத்தேசம் அவளுக்கு இல்லை. நான் சொல்வது அந்தப் போட்டோவை. 1963-இல், எங்கள் பர்மிங்ஹாமில், கறுப்பினப் பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் வகுப்பை விட்டு வெளியே வந்து சம உரிமை கேட்டு ஊர்வலம் போனபோது எடுத்தது. எதிரே, கூட்டத்தைக் கலைக்கத் தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறார்கள். பதினாறு வயது லூவீனியா தொப்பலாக நனைந்து, நகராமல் நிற்கிறாள். ஓரத்தில் அவள் கையைப் பற்றியிருக்கும் நாலு விரல் தெரியும். விரலுக்குரிய ஆள் படத்தில் கிடையாது. இந்தப் படம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. காலண்டரில் இருக்கிறது. பெரிய ஓட்டல் ஒன்றில் கழிப்பறைக்குப் போகிற வழியில்கூடச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

"ஏன் வேண்டாங்கறே?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"என் தலையைப் பாத்தீங்களா? முந்தின நாள் எங்கம்மா சீப்பை அடுப்புல காய வச்சு, என் காதைச் சுட்டு, சுருட்டையை நேராக நீவி விட்ட முடி. தண்ணி பட்டதும் பஞ்சு மூட்டையாட்டம் ஆயிடுச்சு. அதை வந்தவங்க போனவங்க எல்லாம் பாக்கணுமா?"

"உலகமே பாத்தாச்சே!"

"உலகம் என் வீட்டுக்குச் சாப்பிட வராது. சர்ச்சுக்காரங்க வருவாங்க."

"பல் டாக்டரே மாட்டியிருந்தாரு..."

"அதனாலதான் டாக்டரை மாத்தினேன். உங்களையும் மாத்தணுமா?"

எனக்கு மனசு ஆறவில்லை. இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஊர்வலத்தில் நானும்தான் போனேன். என்னை எந்தக் கேமராவும் சீந்தவில்லை. தொப்பியைத் தாங்குவதற்கென்றே படைத்த மாதிரி எனக்கு இரண்டு காதுகள். அவற்றை விட்டுவிட்டு எப்படித்தான் படம் எடுத்தார்களோ!

அப்போது அவளை எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, சர்ச் சுற்றுலாவில், ஒரு துண்டு எலுமிச்சை கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு அவளாகவே என்னைத் தேடி வந்தாள். "நான் ஏறெடுத்தும் பாக்கலை, இவதான் என் பின்னாடியே வந்தா" என்பதைக் கல்யாணம், ஞானஸ்நானம், சாவுச் சாப்பாடு எதிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. லூவீனியா மறுத்ததே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ரகசியமாக ஃபிரேம் கடை கர்ட்டிஸிடம் போனேன்.

"நல்லாப் பெரிசாப் போடு. உன் அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த ஃபிரேமு எனக்குத்தான்."

"என் வாயே தெறக்காது மாமா."

வாய் திறப்பதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேலை என்பதை மறந்துபோனேன். அவன் சர்ச்சில் பாடுகிறவன். பாட்டுக் குழுவை நடத்துகிறவள் என் மனைவி.

படம் காகிதம் சுற்றி வந்தது. நான் சொன்னதைவிட அகலம் அதிகம். மேலே வலது ஓரமாக ஒரு குட்டி விளக்கு வேறு.

"விளக்கு கோணலா இருக்கேடா?"

"இப்ப அதான் மாமா ஃபேஷன். காகிதத்தைப் பிரிக்காதீங்க, கண்ணாடியில கை பட்டுடும்."

நம்பினேன். லூவீனியா கடைக்குப் போன நேரம் பார்த்து மாட்டி, காகிதத்தைக் கிழித்த கையோடு, வாசலில் அவள் வரும் சத்தம் கேட்டதால் படத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாமல், மேஜை விரிப்பால் மூடினேன். வந்தவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாலையில் சர்ச்சே வீட்டில். பெண்கள் தலையில் தோட்டம் தோட்டமாகத் தொப்பிகள். நான் எழுந்து கேக் கதையை வழக்கத்தைவிட நீட்டி முழக்கிச் சொன்னேன். "நான் ஏறெடுத்தும் பாக்கலை!" என்று முடித்து, விரிப்பை இழுத்தேன்.

யாரும் கை தட்டவில்லை.

அது நான் கேட்ட படம் இல்லை. அதேதான், ஆனால் முழுசு. பத்திரிகைக்காரர்கள் வெட்டி எறிந்ததெல்லாம் திரும்பி வந்திருந்தது. அந்த நாலு விரலுக்கு இப்போது கை இருந்தது. கைக்கு ஒரு பெண் இருந்தாள். முன்பல்லில் சந்து, காலில் ஒற்றைச் செருப்பு.

"அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு பெர்னிஸ்.

வெர்னெல். பெர்னிஸின் அக்கா, லூவீனியாவின் உயிர்த் தோழி. நாலு வருடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தோம். பெர்னிஸ் கிட்டே போய்க் கண்ணாடியில் விரல் வைத்தாள்.

"அவ சொல்லிட்டே இருப்பா, அது என் கைதான்னு. யாரும் நம்பல. நான்கூட..."

லூவீனியா அவளை அணைத்துக்கொண்டாள். "கால் நடுங்குச்சு எனக்கு. அவ புடிச்சதாலதான் நின்னேன். அவளை வெட்டிட்டு என்னை மட்டும் நடு வீட்டுல மாட்டச் சொன்னா எப்படி மாட்டுவேன்? கர்ட்டிஸ் வந்து சொன்னதும், படம் எடுத்தவரோட மகளைத் தேடிப் புடிச்சு முழுப் படத்தைக் கேட்டு வாங்கினேன்."

ஐம்பது வருடமாகத் தலைமுடி என்றே நினைத்திருந்தேன். என் மனைவியை அன்றைக்கு நேசித்த மாதிரி என்றைக்கும் நேசித்ததில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

லூவீனியா கைப்பைக்குள் எதையோ அழுத்தினாள். குட்டி விளக்கு எரிந்தது. வலது ஓரம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது வரிசை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக் கண்ணை இடுக்கி நிற்கிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் தலையை முழுசாகத் திருப்பி, வாயைப் பிளந்துகொண்டு, லூவீனியாவையே பார்க்கிறான்.

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "அண்ணே... இந்தக் காது..."

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"நான் குழாயைத்தான் பாத்தேன்!" என்றேன்.

"குழா அந்தப் பக்கம் அண்ணே!"

"லூ, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. 'பின்னாடி ஒருத்தன் உன்னையே முழுங்கற மாதிரி பாக்குறான்டீ'ன்னு வெர்னெல் என் காதுல சொன்னா. தண்ணி அடிக்குது, அப்பவும் சிரிச்சா. வருவீங்க வருவீங்கன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். வரல. அப்புறம்தான் கேக்கு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"அந்தக் கதையைச் சொல்லும்போது உங்க மூஞ்சி எவ்வளவு சந்தோஷமா இருக்கும் தெரியுமா?" என்று என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "இனிமேலும் சொல்லுங்க. விளக்கை அணைச்சுட்டுச் சொல்லுங்க."

ரிமோட் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.