பதினோராம் பொருத்தம்

ஞாயிறு காலை பத்து மணி. மும்பை தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு மாடி அறை. வந்திருந்தோர்: காற்றாடிக்கு நேர் கீழே மாப்பிள்ளையின் அம்மா பானுமதி, அவளுக்கு இடப்புறம் மாப்பிள்ளை ஹரி, கண் செல்போனில். எதிர் ஜமுக்காளத்தில் பெண்ணைப் பெற்ற பிச்சையா, பேராச்சி. நடுவே பெண் ஷாலினி. சுவரோரம் முழுக்கப் பொதுமக்கள். இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில், கீழே செருப்புக் குவியல் வரைக்கும். ஜன்னலிலும் வாசலிலும் கனத்த திரை. மான்தோல் அச்சடித்த பிளாஸ்டிக் பாயில் வர்ணச் சித்தர் பூலோகம்.

சித்தர் லேசுப்பட்டவரல்ல. ஆளுக்கொரு பிறவி நிறம் உண்டென்று கண்டுபிடித்தவர். பத்துப் பொருத்தம் இருந்தாலும் நிறம் கூடாவிட்டால் தாலி தங்காதாம். சீத்தா கேம்ப் முதல் செம்பூர் வரை அவரைக் கேட்டே கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மழையில் அது உரிந்தால் அவரவர் கர்மவினை.

போன வாரம் ஹரிக்கு நீலம், ஷாலினிக்குப் பச்சை என்று இரண்டு துண்டுத் துணியைத் தட்டில் வைத்து, "ரெண்டும் பகை" என்றார். பானுமதி கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். பரிகாரம் செய்தால் நிறம் கூடுமாம். அதற்குத் தட்சணையாக இன்று பேராச்சியின் கம்மல் தட்டில் கிடந்தது. அவள் காதில் ஈர்க்குச்சி.

ஷாலினி செம்பூர் மேட்சிங் சென்டரில் ஆறு வருஷமாக ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பவள். ஹரி அவளுக்குப் பிடித்தவன். வாயைத் திறந்தால் சம்பந்தம் போகும். திறக்காவிட்டால் கம்மல் போகும்.

சித்தர் மணியடித்தார். ட்யூப்லைட் அணைந்தது. அம்மன் படத்துக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது.

"தேவி கண் தொறந்துட்டா!"

கூடவே திரைமறைவில் 'டிக்' என்றொரு சத்தம். தேவியின் இமைக்குச் சுவிட்ச் உண்டு போலும்.

தட்டில் இரண்டு துணியும் கன்னங்கரேலென்று ஒரே நிறம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பானுமதிக்குக் கண் கலங்கியது.

ஷாலினி துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கட்டி போற?" என்றாள் பேராச்சி.

"வாசலுக்கும்மா. வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்."

"அதான் பொருந்திட்டுல்லா! வாயப் பொத்திட்டு உக்காருட்டி."

"எங்க கடைக்கு வார எவளாச்சும் லைட்டுல பாத்து ஜாக்கெட் பிட் வாங்கிருக்காளா? வாசலுக்கு ஓடாம விடுவீங்களா நீங்க?"

சுவரோரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாசப்படி தாண்டினா சக்தி போயிரும் தாயி!" என்று சீறினார் சித்தர்.

"போகட்டும் சாமி. சாயம் போகாதுல்லா?"

வாசல் திரையை ஒதுக்கித் துணிகளை வெளியே நீட்டினாள். வெயிலில் பச்சை பச்சையாக, நீலம் நீலமாகச் சிரித்தன. உள்ளே கொண்டுவந்தாள், கறுப்பு. மறுபடி வெளியே, பச்சை, நீலம். ஹரி செல்போனைப் பையில் போட்டான். "அரே யார்," என்று இந்தியில் ஆரம்பித்தான், "எல்லாம் லைட்டோட வேலை!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த சைனப் அக்காவின் காய்கறிப் பையிலிருந்து ஷாலினி ஒரு கொத்துக் கறிவேப்பிலை உருவினாள். மூலைக் கொடியில் காய்ந்த சித்தரின் நீல லுங்கியை எடுத்து, இரண்டையும் சிவப்பு விளக்கடியில் வைத்தாள். ஒரே கறுப்பு.

"சாமி, ஒங்க லுங்கிக்கும் கறிவேப்பிலைக்கும் நிறம் கூடியிருக்கு. முகூர்த்தம் குறிச்சிருவமா?"

அறை குலுங்கியது. பானுமதி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நீலமும் பச்சையும் சேரவே சேராதாம்மா?"

"யாரு சொன்னா அத்த? மயில் கழுத்தப் பாருங்க. முருகனே அதுலதான் ஏறி உக்காந்திருக்காரு."

பானுமதி எழுந்து வந்தாள். பிறகு தட்டிலிருந்த கம்மலை எடுத்து, பேராச்சியின் காதிலிருந்த ஈர்க்குச்சியை உருவிவிட்டுத் தன் கையாலேயே மாட்டினாள். "மதினி, தையில வச்சிக்கிடுவோம்."

சித்தரைத் தேடினால் பாய்தான் இருந்தது. ஒரு காலில் சிவப்புச் செருப்பு, மறு காலில் மஞ்சள் என்று ஓடியதாகப் படிக்கட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். பொருத்தம் பார்க்க அவருக்கு நேரமில்லை.

அன்று மாலை பிச்சையா வள்ளியூரில் இருக்கும் அண்ணன் சுடலைக்கண்ணனுக்குக் கடிதம் எழுதினார். போனில் சொன்னால் காற்றோடு போகும்; காகிதமென்றால் டீக்கடைச் சுவரில் ஒட்டலாம். நடந்ததையெல்லாம் எழுதி, கடைசியில் இப்படி முடித்தார்:

"ஷாலினி கல்யாணம் தையில். குடும்பத்தோடு வரவும். மேற்படி சித்தர் அடுத்த மாதம் நம் ஊரில் முகாம் போடுவதாக நோட்டீஸ் கண்டேன். ஜனங்களுக்குச் சொல்லவும்: ரவிக்கைத் துணிக்கு வாசலுக்கு ஓடுகிற நாம், வாழ்க்கையை மட்டும் திரை போட்ட அறையில் ஒப்புக்கொள்வது ஏன்? கண் நம்முடையதுதான், விளக்கு எவன் கையில் என்று பார்க்கவும்."

சோற்றுப் பருக்கை வைத்து உறையை ஒட்டினார். மறுநாள் தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்று, ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.