ஆ பிரிவில் மிதந்த முட்டை

அன்பும் பொறுமையும் மிகுந்த அக்காவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மாப்பிள்ளை நலம், பிள்ளைகள் நலம். என் வயிறு மட்டும் ஒரு மாதமாக எரிகிறது. மருந்தில் தீருகிற எரிச்சல் இல்லை என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷமாக ஒன்றாம் வகுப்பு ஆ பிரிவு என் ராஜ்ஜியம் என்பது தாங்கள் அறிந்ததே. இந்த ஆண்டு அ பிரிவுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். வயது இருபத்தாறு. தோளில் எப்போதும் ஒரு துணிப்பை, பை நிறையக் கதைப்புத்தகம். அறிவியல் நேரத்தில் பாடப்புத்தகத்தைத் திறப்பதே இல்லை. இலையில் ஏறிக் குட்டையைக் கடக்கிற ஓர் எறும்பின் கதையைப் படிக்கிறாள். படித்து முடித்ததும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, "எறும்புக்கு வேற எதுல படகு செய்யலாம்?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான், மூடி, சாவி, பென்சில், செருப்பு எல்லாம் தொட்டிக்குள்ளே. இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் "மிதக்குது! மிதக்குது!" என்று கூச்சல். இந்தப் பக்கம் நான் "மிதக்கும் பொருள்கள், மூழ்கும் பொருள்கள்" என்று பத்தாவது தடவையாகச் சொல்ல வைக்கிறேன், என் பிள்ளைங்க முப்பதும் பலகையில காதை ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. முன்பல் விழுந்த ஒருத்தி இருக்கா, என் செல்லம். அவ திரும்பி என்னையே கேக்கறா: "டீச்சர், நாம எப்ப அந்தக் கிளாஸுக்குப் பாஸ் ஆவோம்?"

அக்கா, நீயா இருந்தா தாங்குவியா? அதோட விட்டுதா? மூணு அம்மாக்கள் பிரிவு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டாங்க. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஒரு நாள் அவங்க வகுப்புல போய் உக்காந்து பாருங்களேன்"னாங்க. உக்காந்தேன். அந்தக் குட்டி பெஞ்சில முழங்கால் மோவாயில இடிக்க உக்காந்தேன். அவ கேட்ட கேள்விக்கு என்னையறியாம நானும் கையைத் தூக்கிட்டேன். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல.

எனக்கு மட்டும் கதை வராதான்னு, நீச்சல் தெரியாத முட்டைன்னு ஒண்ணு நானே கட்டினேன். வெறும் தண்ணியில முட்டை மூழ்கும், உப்பை அள்ளிக் கரைச்சா மேலே வரும். வீட்டுல ஒத்திகை பாத்தேன், பிரமாதம். ஒத்திகை பாத்த முட்டையையெல்லாம் உன் மாப்பிள்ளை பொரிச்சுத் தின்னுட்டாரு. காலையில பாத்தா, அலமாரி மூலையில என்னைக்கோ வாங்கி மறந்துபோனது ஒண்ணுதான் மிச்சம். முட்டைன்னா முட்டைதானேன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

"பாவம், அதுக்கு நீச்சலே தெரியாது, தொபுக்கடீர்னு..."ன்னு சொல்லிக்கிட்டே தண்ணியில விட்டேன். அது ஜம்முனு மிதக்குது! "டீச்சர், இதுக்கு நீச்சல் தெரியுது"ன்னுச்சு ஒண்ணு. "இன்னும் உப்பே போடலியே டீச்சர்"னுச்சு இன்னொண்ணு. விரலால அமுக்கினேன். மேலே வந்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்கினேன். படார்! அந்த நாத்தத்தை எழுதினா இந்தக் காகிதமே தாங்காது. ரெண்டு வகுப்பும் மைதானத்துக்கு ஓடிடுச்சு.

துணிப்பைக்காரி மூக்கைப் பொத்திக்கிட்டு எங்க பின்னாலயே வந்தா. சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கலை, அதுல எனக்கு இன்னும் ஆத்திரம். "முட்டை ஏன் மிதந்துச்சு?"ன்னு பிள்ளைங்களைக் கேட்டா. எனக்கே தெரியாது. என் பொக்கைவாய்ச்சி, "இந்த நாத்தக் காத்துதான் உள்ள அடைஞ்சு கிடந்துச்சு, பலூன் மாதிரி"ன்னா. அக்கா, நான் சொல்லிக் கொடுக்காத ஒண்ணை என் வகுப்புப் பிள்ளை தானா யோசிச்சுச் சொன்னது அன்னைக்குத்தான்! புல்லரிச்சுப் போச்சு. ஆனா அந்தப் பதிலை அவ என் முகத்தைப் பாத்துச் சொல்லல, அந்தப் புதுசு முகத்தைப் பாத்துச் சொன்னா. முட்டை என்னோடது, பிள்ளை என்னோடது, கைதட்டல் அவளுக்கா?

அத்தான் கல்வி அலுவலகத்துலதானே இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லி, அவளை எங்கேயாவது கண்காணாத தூரத்துக்கு மாத்தச் சொல்லு. நான் ஒண்ணும் கெட்டவ இல்ல, நல்ல பள்ளியாவே பாத்துப் போடட்டும்.

தங்கள் இல்லத்தில் எல்லா நன்மையும் தங்கட்டும். அத்தானுக்குப் பணிவான வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

தங்கள் ஆசியை நாடும்,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பள்ளி எழுத்தர் வந்து ஒரு சேதி சொன்னார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய பள்ளிக்காரங்க, எங்க துணிப்பைக்காரியைத் தங்களுக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்களாம். என்ன திமிர் பாரு! அவங்களுக்கு ஆய்வுக்கூடம் இருக்கு, மீன்தொட்டி இருக்கு, இப்ப எங்க டீச்சரும் வேணுமாம்! நேரா தலைமையாசிரியை அறைக்குப் போய், அவ போனா நானும் போயிடுவேன்னு மேசையைத் தட்டிச் சொல்லிட்டு வந்திருக்கேன். அத்தான்கிட்ட சொல்லி எப்பாடு பட்டாவது அந்த மாற்றலைத் தடுத்துடு. மேலே எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டாதே. நான் தடுக்கச் சொன்னேன்கறது மட்டும் எக்காரணம் கொண்டும் அவ காதுக்குப் போயிடக் கூடாது.